விலங்கு பூட்டியும் அடங்காத பிள்ளை!

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ்சில் ஏறி உட்காருங்கள்.

கச்சிராயபாளையம் போகும். கோமுகி அணை வரும். அதற்கு மேல் கல்வராயன் மலை. பஸ் வளைந்து வளைந்து ஏறும்.

எந்த நாள் ஏறினாலும் அந்த பஸ்சில் ஒரு தாயைப் பார்க்கலாம். மடியில் நாலு வயதுப் பிள்ளை இருக்கும். அதன் வாய் ஓயாது.

அணையில் இவ்வளவு தண்ணீரை யார் ஊற்றினார்கள்? பாதை ஏன் நேராகப் போகவில்லை? குரங்குக்கு வீடு எங்கே? அதற்கு மழை பெய்தால் சளி பிடிக்காதா?

பத்துக் கேள்விக்குத் தாய் பதில் சொல்வாள். பதினோராவது கேள்வி வந்ததும், வாயை மூடிக்கொண்டு சும்மா வரமாட்டாயா என்பாள். பிள்ளை சும்மா வராது. ஏன் சும்மா வரவேண்டும் என்று கேட்கும்!

போகிற வழியில் மலையிலே ஓர் அருவி விழுகிறது. பெரியார் அருவி என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் வெண்தாடியும் கைத்தடியுமாக ஈரோட்டுப் பெரியவர் கண்முன் வந்து நிற்பார். அவரும் ஒரு காலத்தில் வாய் ஓயாத பிள்ளைதான். அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு பெற்றவர்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. அடக்குவதற்குக் காலில் விலங்கு பூட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

தவமிருந்து பெற்ற பிள்ளை

ஈரோட்டில் வெங்கட்ட நாயக்கர் என்று ஒருவர் இருந்தார். ஆரம்பத்தில் பரம ஏழை. கூலி வேலை செய்தார். கல் வேலைக்காரர்களுக்கு எடுபிடியாக இருந்தார். வண்டி ஓட்டினார். பிறகு சிறு கடை வைத்தார். அவருடைய மனைவி சின்னத்தாயம்மாள். முத்தம்மாள் என்றும் சொல்வார்கள். அந்த அம்மாளும் கணவருக்குச் சமமாக உழைத்தார். கடை வளர்ந்தது. மண்டி ஆயிற்று. ஊரில் பெரிய வியாபாரி என்று பெயர் வந்தது.

பணம் வந்தது. பிள்ளை வரவில்லை.

கணவனும் மனைவியும் பெருமாள் பக்தர்கள். விரதம் இருந்தார்கள். கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த சந்நியாசிகளுக்கும் பாகவதர்களுக்கும் குறைவில்லாமல் சோறு போட்டார்கள். பல வருஷம் கழித்து மூத்த மகன் கிருஷ்ணசாமி பிறந்தான். அடுத்து, 1879-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி, ராமசாமி பிறந்தான். பிறகு இரண்டு பெண்கள்.

அப்படிப் பெற்ற பிள்ளையை வெங்கட்ட நாயக்கர் இன்னொருவர் கையில் கொடுத்தார். அவருடைய சிறிய தாயார் ஒருவர் இருந்தார். கணவனை இழந்தவர், பிள்ளை இல்லாதவர். ராமசாமியை நான் வளர்க்கிறேன் என்று கேட்டார். கொடுத்துவிட்டார்கள்.

பாட்டி வீட்டில் வசதி கிடையாது. பழைய சோறுதான். ஆனால் செல்லத்துக்குப் பஞ்சம் இல்லை. கண்டிக்க ஆள் இல்லாத வீடு அது. பிள்ளை நினைத்த இடத்துக்குப் போவான். நினைத்ததைப் பேசுவான். யார் எது சொன்னாலும் அதற்கு ஒரு எதிர்ப்பேச்சு வைத்திருப்பான்.

பாட்டி செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று ஈரோட்டில் சொல்லியிருப்பார்கள். நம் ஊரிலும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பிள்ளையை முதன்முதலாகப் பேசவிட்டு, உட்கார்ந்து கேட்டவள் அந்தக் கிழவிதான். அதற்காக அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பிள்ளை ஊர் சுற்றுகிறான் என்று தெரிந்ததும் பெற்றோர் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆறு வயதில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

ஒரு தம்ளர் தண்ணீர்

பள்ளிக்கூடம் வீட்டுக்குத் தூரம். அதைச் சுற்றி எண்ணெய் ஆட்டுகிறவர்களும், கூடை முடைகிறவர்களும், முஸ்லிம்களும் குடியிருந்தார்கள். வீட்டார் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்த வீடுகளில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. தாகம் எடுத்தால் வாத்தியார் வீட்டில் மட்டும் வாங்கிக் குடிக்கவேண்டும். அந்தக் காலத்துச் சாதிக் கட்டுப்பாடு அப்படி.

வாத்தியார் சைவர். அவர் வீட்டில் ஒரு சிறு பெண் தண்ணீர் கொடுப்பாள். தம்ளரைத் தரையில் வைப்பாள். வாயில் படாமல் தூக்கிக் குடிக்கவேண்டும். குடித்த பிறகு தம்ளரின் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் அவள் உள்ளே எடுத்துப் போவாள்.

ராமசாமிக்குத் தூக்கிக் குடிக்க வராது. பாதித் தண்ணீர் மூக்கில் ஏறும். பாதி சட்டையை நனைக்கும். அதற்கு மேல் அந்தப் பெண்ணின் முகச்சுளிப்பு வேறு.

நம் வீடும் ஒசத்தி என்கிறார்கள், வாத்தியார் வீடும் ஒசத்தி என்கிறார்கள். அப்படியானால் என் வாய் பட்ட தம்ளரை எதற்காகக் கழுவவேண்டும்? பிள்ளை மனதில் கேள்வி முளைத்துவிட்டது. வாத்தியார் வீட்டுக்குப் போவதை நிறுத்தினான். கூடப் படிக்கிற பையன்களின் வீட்டுக்குப் போனான். எது போகக்கூடாத வீடோ, அங்கே போனான். தண்ணீர் குடித்தான். பிறகு பலகாரமும் தின்றான்.

சேதி வீட்டுக்கு எட்டியது. சின்னத்தாயம்மாளுக்கு ஈட்டி பாய்ந்ததுபோல் ஆயிற்று. ஆசாரமான குடும்பம். நாலு பேர் என்ன சொல்வார்கள்? வெங்கட்ட நாயக்கர் கண்டித்தார். அடித்தார். பயன் இல்லை.

கடைசியாக, காலில் விலங்கு பூட்டினார்கள். பக்கத்துக்கு ஒரு விலங்காக, கட்டையும் சேர்த்து.

பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? விலங்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அதே பையன்களோடு விளையாடப் போய்விட்டான்! சுமார் 15 நாள் இப்படி நடந்தது. விலங்கைக் கழற்றினார்கள். மறுபடியும் பழைய கதை. மறுபடியும் விலங்கு. கடைசியில் களைத்துப் போனவர்கள் பெரியவர்கள்தான்.

இதைப் படிக்கிற தாய்மார்கள் அந்தத் தகப்பனாரைக் கொடியவர் என்று எண்ணிவிடவேண்டாம். பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்த மனிதர் அவர். பயம்தான் அவரை அப்படிச் செய்ய வைத்தது. சாதி கெட்டுப்போகுமே, பெயர் போகுமே என்ற பயம். பிள்ளைகளை அடிக்கிற கைகளில் பாதிக்கு மேல் பயந்த கைகள்தான்.

மண்டிக்கு வந்த வாய்

திண்ணைப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. முனிசிபல் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடவில்லை. படிப்பைவிடச் சண்டையும் வாக்குவாதமும்தான் நடந்தன. பத்து வயதில் படிப்பு முடிந்தது.

இனி இந்தப் பிள்ளையை என்ன செய்வது?

இங்கேதான் வெங்கட்ட நாயக்கர் ஒரு நல்ல காரியம் செய்தார். தெரிந்து செய்தாரோ, வேறு வழியில்லாமல் செய்தாரோ! பன்னிரண்டு வயதில் மகனைத் தம் மண்டியில் உட்கார வைத்தார்.

மண்டி எப்படி நடக்கும் என்பது கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மக்காச்சோளத்தையும் பருத்தியையும் கமிட்டிக்குக் கொண்டு போகிறவர்கள் அவர்கள். சரக்கு வரும். மூட்டை அடுக்குவார்கள். வியாபாரிகள் கூடுவார்கள். ஒருவர் நின்று விலை கூறவேண்டும். அவர் வாய் நன்றாக இருந்தால் சரக்கு நல்ல விலைக்குப் போகும். வாய் செத்தவன் கையில் நல்ல சரக்கும் மலிவாகப் போகும்.

ராமசாமிக்குக் கொடுத்த வேலை இரண்டு. மூட்டைகளுக்கு விலாசம் போடுவது ஒன்று. சரக்கை ஏலம் கூறுவது இன்னொன்று.

பிள்ளைக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்ததுபோல் ஆயிற்று! வீட்டில் கன்னடம் பேசுவார்கள். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் நடமாடும். மூன்று மொழியிலும் அவன் வாய் ஓடிற்று. வாங்க வந்தவன் முகத்தைப் பார்த்தே அவன் மனதிலுள்ள விலையைத் தெரிந்துகொண்டான். சிரிக்க வைத்தான். சீண்டினான். விலையை ஏற்றினான். பள்ளிக்கூடத்தில் எந்த வாய்க்கு அடி விழுந்ததோ, அதே வாய் மண்டிக்கு லாபம் சம்பாதித்தது.

அடித்துத் திருத்த முடியாததை, வேலை கொடுத்து வழிக்குக் கொண்டுவந்தார் தகப்பனார். ஆனால் ஒரு சங்கடம். வழிக்கு வந்தது மண்டிக்குள் மட்டும்தான்!

பாகவதர்கள் பட்ட பாடு

வீட்டுக்குச் சாமியார்களும் புராணப் பண்டிதர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். கதை சொல்வார்கள். ஓய்ந்த நேரத்தில் ராமசாமி வந்து பக்கத்தில் உட்காருவான்.

பிறகு கேள்வி ஆரம்பம். ஒரே கேள்வியை இரண்டு பண்டிதர்களிடம் கேட்பான். ஒருவர் ஒன்று சொல்வார். மற்றவர் வேறொன்று சொல்வார். இரண்டையும் முடிச்சுப் போட்டு மூன்றாவது கேள்வி கேட்பான். பண்டிதர்களுக்குக் கோபம் வரும். சிலர் பதில் தெரியாமல் விழிப்பார்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். சின்னத்தாயம்மாள் தலையில் அடித்துக்கொள்வார். சோறு போட்டு வரவழைத்த பெரியவர்களை இந்தப் பிள்ளை மடக்கி அனுப்புகிறானே என்று அவருக்கு வருத்தம்.

அந்தத் தாயின் வருத்தம் வேடிக்கை அல்ல. கடவுளிடம் வரம் கேட்டுப் பெற்ற மகன், அந்தக் கடவுளையே கேள்வி கேட்கிறான். எந்தத் தாய்க்குத் தாங்கும்?

கடைத்தெருவில் ராமநாத அய்யர் என்று ஒரு கடைக்காரர் இருந்தார். எல்லாம் தலைவிதிப்படிதான் நடக்கும் என்பது அவர் கட்சி. விதியை நம்பாத ராமசாமிக்கும் அவருக்கும் ஓயாத வாதம். ஒரு நாள் வாதம் முற்றியது. கடை முன்னால் வெயிலுக்காகத் தட்டி கட்டி, கம்பு கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ராமசாமி அந்தக் கம்பைத் தட்டிவிட்டான். தட்டி அய்யர் தலையில் விழுந்தது. அய்யர் எழுந்து துரத்தினார். ஓடிக்கொண்டே, என்னை ஏன் துரத்துகிறீர்கள், தட்டி தலையில் விழவேண்டும் என்பது உங்கள் விதிதானே என்றான் ராமசாமி!

சாமி சிதம்பரனார் 1939-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கதைகள் எல்லாம் இருக்கின்றன. படிக்கிற நமக்குச் சிரிப்பு வருகிறது. தட்டியைத் தூக்கிக் கட்டிய அய்யருக்கு வந்திருக்காது.

காசிக்கு ஓடிய மகன்

பத்தொன்பது வயதில் கலியாணம். 1898-ம் ஆண்டு. பெண் வீடு சேலம் பக்கத்துத் தாதம்பட்டி. உறவுக்காரப் பெண் நாகம்மை. வயது பதின்மூன்று, அந்நாளில் அது வழக்கம். பெண் வீட்டார் ஏழைகள். பெற்றோருக்குப் பணக்காரச் சம்பந்தம் வேண்டும். மகன் கேட்கவில்லை. கட்டினால் நாகம்மையைத்தான் கட்டுவேன் என்று வாதாடி ஜெயித்தார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதத்தில் இறந்துபோயிற்று. அதன் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

தகப்பனுக்கும் மகனுக்கும் மனத்தாங்கல் வளர்ந்தது. ஒரு நாள் தகப்பனார் கடுமையாகக் கண்டித்தார். ராமசாமி வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். அது 1904-ம் ஆண்டு. போய்ச் சேர்ந்த இடம் காசி.

காசியில் அன்னசத்திரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே பிராமணர்களுக்குத்தான் சோறு. இவரை வாசலிலேயே தடுத்தார்கள். எந்த வாய் ஈரோட்டுப் பண்டிதர்களை மடக்கியதோ, அந்த வாய்க்கு ஒரு பிடி சோறு இல்லை. பசி பொறுக்கமுடியாமல், தெருவில் விழுந்த எச்சில் இலைகளில் இருந்ததை எடுத்துச் சாப்பிட்டார். பணக்கார மண்டிக்காரரின் மகன்!

ஈரோட்டில் வெங்கட்ட நாயக்கர் நிலை என்ன? மகனைக் காணவில்லை. ஊர் ஊராகத் தேடச் சொன்னார். வீட்டில் சத்தம் இல்லை. எந்தச் சத்தம் அடங்கவேண்டும் என்று விலங்கு பூட்டினாரோ, அந்தச் சத்தத்துக்காக இப்போது ஏங்கினார்.

கடைசியில், காசியிலிருந்து திரும்பிவந்த மகன் ஆந்திரத்தில் ஏலூரில் இருப்பது தெரிந்தது. வயதான மனிதர் தாமே அங்கே போனார். மகன் போட்டுக்கொண்டு போன நகைகள் பத்திரமாக இருந்தன. தகப்பனாருக்கு ஆச்சரியம். நகையை விற்காமல் இத்தனை நாள் எப்படிச் சாப்பிட்டாய் என்று கேட்டார். நீங்கள் ஈரோட்டில் ஊருக்கெல்லாம் போட்ட சோற்றைத்தான் வசூல் செய்து சாப்பிட்டேன் என்றார் மகன். இலையைப் பொறுக்கிய பிறகும் அந்த வாய் மாறவில்லை!

தகப்பனார் இந்தத் தடவை கோபிக்கவில்லை. மகனை அழைத்துவந்தார். தம் பெயரில் நடந்த மண்டியை மகன் பெயருக்கு மாற்றினார். ஈ.வெ.ராமசாமி நாயக்கர் மண்டி ஆயிற்று. இந்தப் பிள்ளை இப்படித்தான் என்று ஒத்துக்கொள்ள அவருக்கு இருபத்தைந்து வருஷம் பிடித்தது. 1911-ல் அவர் காலமானார்.

மேடை

பிறகு நடந்தது நாடறிந்த கதை. ஈரோடு நகரசபைத் தலைவர் ஆனார். காங்கிரசில் சேர்ந்தார். 1924-ல் வைக்கத்தில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்க உரிமை கேட்டுப் போராடிச் சிறை சென்றார். வாத்தியார் வீட்டுத் தம்ளர் அவருக்கு மறக்கவே இல்லை போலும். 1925-ல் குடிஅரசு பத்திரிகை தொடங்கினார். அதே ஆண்டில் காங்கிரசை விட்டார். சுயமரியாதை இயக்கம் வளர்ந்தது. 1938-ல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு அவருக்குப் பெரியார் என்று பெயர் கொடுத்தது.

பேச்சு மட்டும் மாறவில்லை. மண்டிக்கடைத் தமிழ்தான். அடுக்குமொழி கிடையாது. எழுத்துவாசனை இல்லாதவனுக்கும் புரியும். மணிக்கணக்கில் பேசுவார். கூட்டத்தில் கேள்வி எழுதிக் கொடுத்தால் பதில் சொல்வார். எதிர்க்கட்சிக்காரன் கேட்டாலும் சொல்வார். நான் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள், யோசித்துப் பாருங்கள் என்பதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவார். அவர் கொள்கையை ஏற்காத பக்தர்களும் அவர் பேச்சைக் கேட்க வந்து நின்றது உண்டு.

ஒரு பழக்கம் அவரிடம் எல்லோரும் கண்டது. தேடி வந்தவர் யாரானாலும், வாங்க, உட்காருங்க என்பார். வந்தது சிறு பிள்ளையானாலும் அதே மரியாதைதான். நீ, வா, போ என்று பிள்ளைகளை ஒருமையில் அழைக்கமாட்டார்.

நாகம்மையார் 1933-ல் காலமானார். அவர் பெயரில் பின்னாளில் திருச்சியில் ஒரு குழந்தைகள் இல்லம் ஏற்பட்டது. பெற்றவர்கள் கைவிட்ட குழந்தைகளை அங்கே எடுத்து வளர்த்தார்கள். மணியம்மையார் தாயாக இருந்து பார்த்துக்கொண்டார். ஐந்து மாதக் குழந்தையோடு மழலை நின்றுபோன பெரியாரின் வாழ்க்கையில், முதுமையில் மறுபடியும் குழந்தைகளின் சத்தம் கேட்டது.

மூன்று வயதுக்கு மேல் பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்பது இயற்கை என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். எல்லாக் கேள்விக்கும் யாராலும் பதில் சொல்ல முடியாது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது குரங்குக்குச் சளி பிடிக்குமா என்று யார் யோசிப்பது? வேலை முடிந்ததும் சொல்கிறேன் என்று சொல்லலாம். சொன்னால் சொன்னபடி சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அதற்கும் ஒரு கேள்வி வரும்!

1973 டிசம்பர் 19. சென்னை தியாகராய நகரில் பொதுக்கூட்டம். பெரியாருக்கு வயது 95 நடந்துகொண்டிருந்தது. குடலிறக்க நோய். உடம்போடு மூத்திரப் பை. பேசும்போதே வலி வந்தது. வேதனை பொறுக்காமல் அம்மா அம்மா என்று முனகினார். கூட்டம் பதறியது. வலி கொஞ்சம் தணிந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் பேச ஆரம்பித்தார். பேச்சை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். ஐந்து நாள் கழித்து, 24-ந் தேதி காலை, வேலூர் ஆஸ்பத்திரியில் காலமானார்.